மாத்திரை உருட்டும் மெஷினும் தொலைந்துபோகும் பேட்ச் நம்பரும்

1945ஆம் வருஷத்து மருந்து விதிகளின் பின்னால் எழுத்து வரிசையில் பின்னிணைப்புகள் நிறைய உண்டு. அதில் ‘ஷெட்யூல் என்’ என்று ஒன்று. ஒரு பார்மசி ஒழுங்காக நடக்கக் குறைந்தபட்சம் என்னென்ன சாமான் இருக்கணும் என்று சொல்கிற பட்டியல் அது. போன மாதம் அதை வரி வரியாகப் படித்தேன். சாப்ட்வேர் வேலையில் இருபது வருஷமாக நான் செய்வது பெரும்பாலும் இதுதான். யாரோ எழுதிய ஸ்பெசிபிகேஷனைப் படித்து, இது எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று பார்ப்பது. அதே கண்ணோடு படித்ததால், இந்தப் பதிவை ஒரு நூல் விமர்சனம் மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். நூல் மட்டும் சட்டப் புத்தகம்.

பட்டியலில் என்ன இருக்கு? 30 மில்லிகிராம் வரை நுணுக்கமாகக் காட்டும் தராசு. பீங்கான் கிண்ணம், கண்ணாடிக் கல்வம், களிம்பு குழைக்கும் பலகை, லிட்மஸ் தாள். கார்க் மூடி, அந்தக் கார்க்கைப் பிடுங்க ஒரு கருவி. மாத்திரை உருட்டும் மெஷின். ஆசனவாயில் வைக்கும் மருந்துக்கு அச்சு. விஷ மருந்துகளுக்குத் தனி அலமாரி. மருந்து கலக்கும் பகுதி ஒரு பார்மசிஸ்டுக்கு 6 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, கூடுதலாக வரும் ஒவ்வொருவருக்கும் 2 சதுர மீட்டர். கூரை உயரம் 2.5 மீட்டர். தரை வழவழப்பாக, கழுவக்கூடியதாக இருக்கணும். பார்மசிஸ்ட் வெள்ளைக் கோட் போட்டிருக்கணும், அவர் பெயர் எல்லார் கண்ணிலும் படும்படி எழுதியிருக்கணும்.

சிரிப்பு வரும். ஆனால் எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுப்பார், கம்பவுண்டர் இடித்து, கலக்கி, பாட்டிலில் ஊற்றி, அளவுக்குத் தாள் ஒட்டிக் கொடுப்பார். மருந்து பிறந்த இடமே அந்தக் கடைதான். அதனால் தராசு சரியா, பாத்திரம் சுத்தமா என்பதுதான் பாதுகாப்பு. அந்த உலகத்துக்கு இது அருமையான ஸ்பெசிபிகேஷன்.

இன்றைக்குக் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு நடை போய் வாருங்கள். எந்த மெடிக்கலிலும் யாரும் மாத்திரை உருட்டுவதில்லை. எல்லாமே பத்துப் பத்தாக அட்டையில் ஒட்டி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, கோயம்புத்தூர் ஸ்டாக்கிஸ்டிடமிருந்து மேட்டுப்பாளையம் வழியாக மலையேறி வருகிறது. கடைக்காரர் கையில் மருந்து வரும்போது அது பிறந்து பல மாதம் ஆகியிருக்கும். தராசும் கல்வமும் அவருக்கு எதற்கு?

சட்டத்துக்கும் இது தெரியும். விதி 65இல் ஒரு உட்பிரிவு கடைகளை மூன்று ஜாதியாகப் பிரிக்கிறது. பதிவு பெற்ற பார்மசிஸ்ட் தேவைப்படாத சரக்கை மட்டும் விற்பவர் ஒன்று. பார்மசிஸ்ட் இருக்கிறார், ஆனால் மருந்து கலப்பதில்லை என்றால் ‘கெமிஸ்ட்ஸ் அண்ட் டிரக்கிஸ்ட்ஸ்’. பார்மசிஸ்டும் இருந்து மருந்தும் கலந்து கொடுப்பவர் மட்டும்தான் ‘பார்மசி’ என்று போர்டு வைக்கலாம். ஷெட்யூல் என் இந்த மூன்றாவது ஜாதிக்கு எழுதியது. ஆக, நமக்குத் தெரிந்த மெடிக்கல் ஷாப்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த நீளமான பட்டியல் பொருந்தவே பொருந்தாது.

அப்படியென்றால் அவர்களுக்கு என்ன பொருந்தும்? விதி 64. கடை 10 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. மருந்தின் தன்மை கெடாமல் பாதுகாக்கத் தகுந்த சேமிப்பு வசதி இருக்கணும். பிறகு விதி 65: டாக்டர் சீட்டு மருந்தைப் பார்மசிஸ்ட் மேற்பார்வையில் கொடுக்கணும், எக்ஸ்பைரி தாண்டியதை விற்கக் கூடாது, பில் போடணும், சீட்டு மருந்துக்குக் கம்பெனிப் பெயரும் பேட்ச் நம்பரும் எக்ஸ்பைரியும் பதிவில் இருக்கணும். இவ்வளவுதான் சாரம்.

இது போதுமா என்று கேட்டால், உடனே ‘போதாது’ என்று சொல்வது சுலபம். எங்கே போதவில்லை என்று காட்டணும். அதற்கு 2025இல் நடந்த ஒரு விஷயம் போதும்.

கோல்ட்ரிப்

காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் பார்மசூட்டிகல் கம்பெனி, ‘கோல்ட்ரிப்’ என்று ஒரு சளி சிரப் தயாரித்தது. பாராசிட்டமால், பினைலெப்ரின், குளோர்பெனிரமின் மூன்றும் சேர்ந்தது. 2025 மே மாதத்தில் தயாரான எஸ்.ஆர்.-13 என்ற பேட்ச் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்துக்குப் போனது. செப்டம்பரில் அங்கே குழந்தைகளுக்கு ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீர் நின்றுபோனது. 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோனார்கள். அக்டோபர் 1ஆம் தேதி அங்கிருந்து தகவல் வந்ததும் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரி எடுத்துச் சோதித்தது. இரண்டே நாளில் முடிவு வந்துவிட்டது. சிரப்பில் 48.6 சதவீதம் டை எத்திலீன் கிளைக்கால். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். கம்பெனியில் 350க்கும் மேற்பட்ட குறைபாடுகளை ஆய்வாளர்கள் எழுதினார்கள். அக்டோபர் 13ஆம் தேதி லைசென்ஸ் ரத்தானது.

டை எத்திலீன் கிளைக்கால் நிறமில்லாத, கொழகொழவென்று இருக்கிற, இனிப்பான திரவம். தொழிற்சாலைச் சரக்கு, விலை மலிவு. சிரப்பில் மருந்தைக் கரைக்கப் பயன்படும் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் இரண்டுக்கும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உடம்புக்குள் போனால் சிறுநீரகத்தை அழிக்கும்.

இது புதுக் கதையும் இல்லை. 1937இல் அமெரிக்காவில் ‘எலிக்சிர் சல்பானிலமைட்’ குடித்து 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதே திரவம். 1972இல் நம் சென்னையிலேயே குழந்தைகள் இதனால் இறந்திருக்கிறார்கள். 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேர். 2020இல் ஜம்முவில் குழந்தைகள். 2022இல் காம்பியாவிலும் உஸ்பெகிஸ்தானிலும் இந்தியச் சிரப்புகள். ஐம்பது வருஷத்துக்கும் மேலாக ஒரே பிழை, ஒரே காரணம். எங்கள் தொழிலில் ஒரே பக் இத்தனை தடவை திரும்பி வந்தால், கோடு எழுதியவனை மட்டும் திட்டிவிட்டுப் போக மாட்டோம். டெஸ்ட் எங்கே, அலாரம் எங்கே, திரும்பப் பெறும் வழி எங்கே என்று கேட்போம்.

இப்போது கவுண்டருக்கு வருவோம். கோல்ட்ரிப் பாட்டில் ஒரு கடைக்கு வந்தால், அந்தக் கடைக்காரரால் விஷத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. முகர்ந்தாலும் தெரியாது, பார்த்தாலும் தெரியாது. லேப் வேணும். ஷெட்யூல் என் சொல்கிற தராசு, லிட்மஸ் தாள், பீங்கான் கிண்ணம் எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தாலும் தெரியாது. இதில் கடைக்காரரைக் குற்றம் சொல்பவர்கள் அநியாயம் செய்கிறார்கள்.

ஆனால் அவரால் செய்யக்கூடியது இரண்டு இருந்தது. ஒன்று, வயது கேட்பது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த கலவை 4 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கூடாது என்று லேபிளில் எழுதச் சொல்லி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே உத்தரவு போட்டிருந்தது. “குழந்தைக்கு எத்தனை வயசுங்க?” என்ற ஒரு கேள்வி. அதற்கு எந்த மெஷினும் வேண்டாம். இரண்டாவது, கெட்ட பேட்ச் என்று தெரிந்த நிமிஷம் அதை வாங்கிப் போனவர்களைத் தேடிப் பிடிப்பது. முதலாவது ஒரு மனுஷன் கவுண்டரில் இருந்தால் நடக்கும். இரண்டாவது, இன்றைய விதிகளை அப்பட்டமாகப் பின்பற்றினாலும் நடக்காது. என் முக்கியப் புகார் இதுதான்.

கடைசி முப்பது கிலோமீட்டர்

மருந்தைத் திரும்பப் பெறுவதற்கு மத்திய அமைப்பு 2012இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. உயிருக்கு ஆபத்தான முதல் வகுப்பு என்றால் 24 மணி நேரத்தில் தொடங்கி 72 மணி நேரத்துக்குள் சரக்கைத் திரும்ப எடுத்திருக்கணும். இரண்டாம் வகுப்புக்கு 10 நாள், மூன்றாவதுக்கு 30 நாள். தேவைப்பட்டால் மருந்து சாப்பிடுகிறவர் வீடு வரை போகணும் என்கிறது. படிக்க நன்றாக இருக்கு.

கம்பெனி முதல் ஸ்டாக்கிஸ்ட் வரை இது சாத்தியம், பில் இருக்கு. ஸ்டாக்கிஸ்ட் முதல் மெடிக்கல் ஷாப் வரை சாத்தியம், அங்கேயும் பேட்ச் நம்பரோடு பில் இருக்கு. அதற்கப்புறம்? கடையிலிருந்து மருந்து கிளம்பி ஒரு மஞ்சப்பைக்குள் போனதும் சங்கிலி அறுந்துவிடுகிறது.

கோத்தகிரியை வைத்து யோசித்துப் பாருங்கள். இங்கே டவுனுக்கு மருந்து வாங்க வருகிறவர்களில் நிறையப் பேர் டவுன்காரர்கள் இல்லை. சுற்றியிருக்கும் படுகர் ஹட்டிகளிலிருந்து வருவார்கள், எஸ்டேட் லைன்களிலிருந்து வருவார்கள், சோலூர்மட்டம், கீழ்க்கோத்தகிரிப் பக்கச் சரிவுகளில் இருக்கும் இருளர், குறும்பர் ஊர்களிலிருந்து வருவார்கள். ஒரு பஸ்ஸில் வந்து, சந்தை சாமான், மாத்திரை எல்லாம் வாங்கி, அடுத்த பஸ்ஸில் போய்விடுவார்கள். மறுபடி டவுனுக்கு வர ஒரு வாரம் ஆகலாம், மழைக்காலத்தில் ரோட்டில் மண் சரிந்தால் அதுவும் நிச்சயமில்லை. 2009 நவம்பர் மழையில் நீலகிரி என்ன பாடு பட்டது என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 72 மணி நேரம் என்று டெல்லியில் எழுதிய கடிகாரம் இந்தச் சரிவுகளில் எப்படி ஓடும்?

1937 அமெரிக்கக் கதையில் எனக்கு மறக்காத பகுதி ஒன்று உண்டு. அரசு தன்னிடம் இருந்த ஏறக்குறைய எல்லா ஆய்வாளர்களையும் தெருவில் இறக்கியது. தயாரித்தது 240 காலன். விற்ற சீட்டுகளைப் புரட்டி, டாக்டர்களைக் கேட்டு, வீடு வீடாகப் போய், 234 காலனுக்கு மேல் மீட்டார்கள். சீட்டு வாங்கிய கையோடு ஒரு குடும்பம் மலைப்பகுதிக்குக் குடிபோய்விட்டது. அந்த வீட்டு மூன்று வயதுப் பையனைத் தேடுவதற்காக ஒரு டாக்டர் தன் கல்யாணத்தையே தள்ளிவைத்துவிட்டு அதிகாரியோடு கிளம்பினார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். அவர்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று: யாருக்கு எந்த மருந்து போனது என்று எழுதிய காகிதம்.

இன்றைக்கு நம் ஊரில் அப்படி ஒரு காகிதம் இருக்கா? ஷெட்யூல் ஹெச்1 என்று 2014 மார்ச்சிலிருந்து 46 மருந்துகளுக்குத் தனி ரிஜிஸ்டர் இருக்கு. சில ஆன்டிபயாட்டிக், காசநோய் மருந்து, தூக்க மாத்திரை மாதிரியானவை. அதில் நோயாளி பெயரை எழுதி மூன்று வருஷம் வைத்திருக்கணும். மற்றபடி சாதாரணச் சளி சிரப்புக்கோ, பிரஷர் மாத்திரைக்கோ வாங்கியவரைத் தொடர்புகொள்ள ஒரு போன் நம்பர்கூட வாங்கணும் என்று எந்த விதியும் கேட்கவில்லை. பக்கத்துச் செருப்புக் கடையில் பில் போடும்போது போன் நம்பர் கேட்கிறார்கள், ஆபர் அனுப்புவதற்கு. உயிர் காக்கும் செய்தி அனுப்ப மட்டும் நம்மிடம் நம்பர் இல்லை.

வெட்டிய அட்டை

எங்கள் வீட்டு மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். அம்மாவுக்குப் பிரஷர், சுகர் இரண்டும். மொத்தம் பதினொரு அட்டைத் துண்டு. அதில் நாலு துண்டில் பேட்ச் நம்பரும் இல்லை, எக்ஸ்பைரியும் இல்லை. காரணம் உங்களுக்கே தெரியும். பேட்ச் நம்பரும் தேதியும் அட்டையின் ஒரு முனையில் மட்டும் அச்சாகியிருக்கும். “அஞ்சு மாத்திரை குடுங்க” என்று கேட்டால் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துத் தருவார்கள். எந்தப் பாதி நமக்கு வருகிறது என்பது நம் அதிர்ஷ்டம்.

வெட்டி விற்பதை நிறுத்தணும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தேயிலை பறிக்கும் தினக்கூலிக்காரர் ஒரு முழு அட்டை வாங்க முடியாத நாள் இருக்கும். மூணு மாத்திரை வாங்குவது அவருடைய தேவை. கேட்பது இதுதான்: கம்பெனிக்காரர் ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் பேட்ச் நம்பரும் தேதியும் அச்சடிக்கட்டும். அது வரும் வரை கடைக்காரர் முனையை விட்டுவிட்டு மறுபக்கத்திலிருந்து வெட்டட்டும், பில்லில் பேட்ச் நம்பர் வரட்டும். கம்ப்யூட்டர் பில் போடும் கடைகளில் பேட்ச் நம்பர் ஏற்கெனவே சிஸ்டத்துக்குள் இருக்கு. பில் எடுத்துக் கொடுப்பதும் அதை நாம் வாங்கிக்கொள்வதும்தான் பாக்கி.

கியூ.ஆர். கோடு வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 பிராண்டுகளின் லேபிளில் கோடு கட்டாயம். ஸ்கேன் செய்தால் மருந்தின் பெயர், கம்பெனி, பேட்ச், தேதி, லைசென்ஸ் நம்பர் தெரியும். நல்ல ஆரம்பம். ஆனால் இரண்டு ஓட்டை. முதலாவது, 300 என்பது அதிகம் விற்கும் பெரிய பிராண்டுகளின் பட்டியல். ஆபத்து எங்கே அதிகமோ, அதாவது பெயர் தெரியாத சின்னக் கம்பெனியின் சிரப்பு, அதற்கு அங்கே இடமில்லை. இரண்டாவது, கோடு சொல்வது லேபிளில் ஏற்கெனவே எழுதியிருப்பதைத்தான். அந்தப் பேட்ச் இன்றைக்குத் தடை செய்யப்பட்டிருக்கா என்று அது சொல்லாது. ஐரோப்பாவில் 2019 பிப்ரவரி முதல் சீட்டு மருந்துப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் தனி நம்பர். கடையில் கொடுக்கும்போது ஸ்கேன் செய்தால் ஒரு மையக் கணினி அந்த நம்பரைச் சரிபார்த்து, பிரச்சினை இருந்தால் அங்கேயே எச்சரிக்கும். நம்முடையது அச்சடித்த தகவல், அவர்களுடையது உயிருள்ள கேள்வி பதில். இரண்டுக்கும் கோடு பார்க்க ஒன்றுபோல இருப்பதால் நாம் ஏமாந்துபோகிறோம்.

மலைக்கும் ஒரு விதி வேணும்

‘தகுந்த சேமிப்பு வசதி’ என்ற வரிக்குத் திரும்புகிறேன். எத்தனை டிகிரி, யார் பார்ப்பது, எங்கே எழுதுவது என்று அந்த வரி சொல்லவில்லை. 10 சதுர மீட்டர் என்று இடத்தை அளந்து சொன்னவர்கள் வெப்பத்தை அளக்காமல் விட்டுவிட்டார்கள். சோதித்துப் பார்க்க முடியாத எந்த நிபந்தனையும் நிபந்தனை இல்லை, விருப்பம்தான்.

கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். ‘30 டிகிரிக்குக் கீழே வைக்கவும்’ என்ற லேபிள் இங்கே தானாகவே நிறைவேறும் என்று நினைக்கலாம். கடைக்குள் சரி. ஆனால் அதே பெட்டி ஏப்ரல், மே மாதத்தில் மேட்டுப்பாளையத்தில் தகரக் கூரை வேனுக்குள் மதியம் முழுக்க நின்றிருக்கலாம். அதை யாரும் அளப்பதில்லை. இங்கே நமக்குள்ள பிரச்சினை வேறு: ஈரம். வடகிழக்குப் பருவமழையில் நாள்கணக்கில் மூடுபனி, துவைத்த துணியே காயாது. ஆஸ்பிரின் ஈரம் பட்டால் உடைந்து வினிகர் வாசனை அடிக்கும், அது கெட்டுவிட்டதற்கு அடையாளம். டப்பாவிலிருந்து எண்ணிக் காகிதக் கவரில் போட்டுத் தரும் மாத்திரைகள் இந்த ஊரில் சமவெளியைவிடச் சீக்கிரம் கெடும். இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கணும் என்று எல்லாருக்கும் தெரியும். உறைந்துபோனால் அது வீண் என்பது அவ்வளவு பேருக்குத் தெரியாது. வீட்டு பிரிட்ஜில் ஐஸ் பெட்டியை ஒட்டி வைத்தால் அதுதான் நடக்கும். ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர், அதிகபட்சம் குறைந்தபட்சம் இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்வது, காலை ஒரு தடவை மாலை ஒரு தடவை நோட்டில் எழுதுவது. இது போதும். மாத்திரை உருட்டும் மெஷினைவிட விலை குறைவு.

இன்னொரு ஓட்டை ஷெட்யூல் கே. ஆயிரம் பேருக்கு மிகாத கிராமத்தில் லைசென்ஸ் இல்லாமலே சில வீட்டு மருந்துகளை விற்கலாம் என்கிறது அதன் 13ஆம் இனம். பாராசிட்டமால் மாத்திரை, தைலம், கிரைப் வாட்டர், கூடவே இருமல் சிரப்பும். சீட்டு மருந்து எதுவும் அதில் சேர்ந்திருக்கக் கூடாது, உடைக்காத பாட்டிலாக விற்கணும் என்ற நிபந்தனைகள் உண்டு. நீலகிரியில் ஹட்டிகளும் லைன்களும் எத்தனையோ இந்த ஆயிரத்துக்குள் அடங்கிவிடும். ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பெட்டிக்கடைப் பாராசிட்டமால்தான் கதி, அந்த வகையில் இந்த விலக்கு தேவைதான். ஆனால் திரவத்தை விஷம் எத்தனை தடவை தேடி வந்திருக்கிறது என்று மேலே பார்த்தோம். மாத்திரையை வைத்துக்கொண்டு சிரப்பை மட்டும் எடுத்துவிடலாம் என்ற யோசனை கோல்ட்ரிப்புக்குப் பிறகு எழுந்தது நியாயமே.

யாருக்குச் சோதனை, யாருக்கு இல்லை

நம்மில் நிறையப் பேருக்கு ஒரு எண்ணம் உண்டு: ஜி.ஹெச். மாத்திரை மட்டம், காசு கொடுத்து வாங்குவது உசத்தி. தரச் சோதனையை மட்டும் வைத்துப் பார்த்தால் இது தலைகீழ். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்து மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனி பெயர் தெரியாதபடி குறியீடு போட்டு லேபுக்கு அனுப்புகிறது. தேறினால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். தனியார் கடைச் சரக்குக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. கம்பெனி தானே சோதித்தேன் என்று சொல்வதை நம்பி வாங்குகிறோம். ஆய்வாளர் எப்போதாவது வந்து எடுக்கும் மாதிரிதான் ஒரே வெளிச் சோதனை. அதன் முடிவு வரும்போது அந்தப் பேட்ச் பெரும்பாலும் விற்றுத் தீர்ந்திருக்கும்.

கடைக்காரர் பக்கமும் பேசணும். சட்டத்தின் 19ஆம் பிரிவு அவரைக் காப்பாற்றுகிறது. லைசென்ஸ் உள்ளவரிடம் வாங்கினேன், கெட்டது என்று தெரியாது, வாங்கியபடியே ஒழுங்காக வைத்திருந்தேன் என்று நிரூபித்தால் குற்றமில்லை. நியாயமான பிரிவு. ஆனால் இதன் பக்கவிளைவு, கடையின் எல்லாக் கவனமும் வாங்கிய பில்லின் மேல் குவிந்துவிட்டது. அது அவரைக் காப்பாற்றும் காகிதம். விற்ற பில் நம்மைக் காப்பாற்றும் காகிதம், அதற்கு அவ்வளவு மரியாதை இல்லை.

செலவு யார் தருவது என்பதும் நியாயமான கேள்வி. விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளுக்கு உச்ச விலை கணக்கிடும்போது சில்லறைக் கடைக்கு 16 சதவீதம் வைக்கிறார்கள். அதில் வாடகை, கரண்ட், பார்மசிஸ்ட் சம்பளம், எக்ஸ்பைரி நஷ்டம் எல்லாம் போகணும். பக்கத்திலேயே தள்ளுபடிச் சங்கிலிக் கடை, ஆன்லைன் கடை, 2025 பிப்ரவரியிலிருந்து முதல்வர் மருந்தகம். சின்னக் கடைக்காரரிடம் போய் ஐரோப்பா மாதிரி ஸ்கேனர் வை என்றால் அவர் கடையைப் பூட்டுவார். அவர் பூட்டினால் மலையில் இருப்பவருக்கு அடுத்த கடை இருபது கிலோமீட்டர். பாதுகாப்பு விதி ஒன்று கடையையே இல்லாமல் ஆக்கினால் அது பாதுகாப்பு இல்லை. அதனால்தான் கீழே நான் எழுதியிருப்பதில் காசு அதிகம் பிடிக்கிற எதையும் சேர்க்கவில்லை.

இங்கிலாந்தில் பார்மசிகளுக்கான தர விதிகள் ஐந்தே தலைப்பில் அடங்கும்: நிர்வாகம், ஆட்கள், இடம், சேவை, கருவி. எந்தக் கிண்ணம் வேணும் என்று சொல்லாமல், நோயாளிக்கு என்ன நடக்கணும் என்று சொல்கிறது. 2019லிருந்து ஒவ்வொரு கடையின் ஆய்வறிக்கையையும் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடுகிறார்கள். நம் ஊரில் ஆய்வறிக்கை கோப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. நன்றாகக் கடை நடத்துகிறவருக்கும் அதனால் பிரயோஜனம் இல்லை, அவர் நல்லவர் என்பது யாருக்கும் தெரியாமலே போகிறது.

என் ஷெட்யூல் என்

விமர்சனம் செய்துவிட்டு மாற்று சொல்லாமல் போவது எங்கள் தொழிலில் மரியாதை இல்லை. மருந்து கலக்காத சாதாரண மெடிக்கல் ஷாப்புக்கு ஆறு வரி:

1. விற்கும் ஒவ்வொரு மருந்தின் பில்லிலும் பேட்ச் நம்பரும் எக்ஸ்பைரியும் இருக்கும். கேட்காவிட்டாலும் பில் உண்டு.

2. வாங்குகிறவர் சம்மதித்தால் ஒரு போன் நம்பர், திரும்பப் பெறும் செய்தி அனுப்ப மட்டும். வேறு எதற்கும் அதைத் தொடக் கூடாது.

3. அட்டையை வெட்டினால் பேட்ச் உள்ள முனை கடைசி வரை மிஞ்சும்படி வெட்டணும்.

4. பிரிட்ஜிலும் அலமாரியிலும் தெர்மாமீட்டர், மலை ஊர்களில் ஈரப்பத மீட்டரும். தினம் இரண்டு தடவை எழுதிய நோட்டு யார் கேட்டாலும் காட்டும்படி இருக்கும்.

5. தரமற்றவை என்று மத்திய அமைப்பு மாதாமாதம் வெளியிடும் பட்டியலை கடை ஸ்டாக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து, பார்த்த தேதியைக் கவுண்டரில் எழுதி ஒட்டணும்.

6. குழந்தைக்குத் திரவ மருந்து கொடுக்கும் முன் வயதும் எடையும் கேட்கணும்.

இவற்றில் ஐந்தாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கம்ப்யூட்டர் பில் போடும் கடையில் இரண்டு பட்டியலை ஒப்பிடுவது ஒரு மாலை நேர வேலை. பில்லிங் சாப்ட்வேர் விற்கிறவர்களே அதைச் சேர்த்துவிடலாம். தடை செய்த பேட்ச்சை ஸ்கேன் செய்தால் பில் போட மறுக்கும் ஒரு சின்ன நிபந்தனை, அவ்வளவுதான். அரசு செய்யவேண்டியது, அந்தப் பட்டியலை மனுஷன் படிக்கும் பி.டி.எப். ஆக மட்டும் போடாமல் மெஷின் படிக்கும் வடிவிலும் போடுவது.

இதெல்லாம் சட்டமாக வரும் வரை நாம் சும்மா இருக்க வேண்டாம். சட்டத்தின் 26ஆம் பிரிவு அதிகம் பேர் கவனிக்காத ஒன்று. கடையில் வாங்கிய மருந்தின் மேல் சந்தேகம் இருந்தால், நாமோ ஒரு நுகர்வோர் சங்கமோ உரிய கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். அதற்குப் பில் வேணும். எல்லாம் சுற்றிச் சுற்றி அந்தப் பில்லிலேயே வந்து நிற்கிறது.

அடுத்த தடவை மெடிக்கலுக்குப் போனால், “பில் குடுங்கண்ணா, பேட்ச் நம்பரோட” என்று கேளுங்கள். சண்டை போடுகிற தொனி வேண்டாம். வாங்கிய பில்லை மருந்து தீரும் வரை டப்பாவுக்குள்ளேயே வையுங்கள். இதனால் சிரப்பில் விஷம் வருவது நிற்காது, அது சுங்குவார்சத்திரம் மாதிரியான இடங்களில் நிற்க வேண்டியது. ஆனால் என்றைக்காவது ஒரு பேட்ச் நம்பர் செய்தியில் வந்தால், உங்கள் வீட்டு அலமாரியில் இருப்பது அதுவா இல்லையா என்று ஒரு நிமிஷத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும்.